நவம்பரில் பாடிய ஒப்பாரி

பெரிய வெள்ளிக்கிழமை மட்டும் பாடவேண்டிய ஒப்பாரியை மரியநேசன் நவம்பர் மாதத்தில், அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்றுகொண்டு பாடினான். வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது. அவன் குடித்திருக்கவில்லை. யாரும் கழுத்தில் கத்தி வைக்கவும் இல்லை. பாடச் சொன்னார்கள், பாடினான்.

ஐம்பத்தொரு வயது. ஒஸ்லோவின் ஸ்டோவ்னரில் எட்டாம் மாடி. காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைச் சலவை செய்கிற இடத்தில் வேலை தொடங்கும். மூட்டை மூட்டையாக வரும் துணியைப் பிரித்து, சூடான உருளைக்குள் விளிம்பு பிசகாமல் கொடுக்க வேண்டும். பதினான்கு வருடம் கொடுத்துக்கொண்டிருக்கிறான். விரல் நுனிகள் வெடித்து, தோல் காய்ந்து, கைரேகை பாதி அழிந்துவிட்டது. அந்த விரல்களோடுதான் சனிக்கிழமைகளில் கிட்டார் வாசித்தான்.

மடியில் படுக்கவைத்து, ஒரு இரும்புக் கட்டையால் கம்பிகளின் மேல் வழுக்கி வழுக்கி வாசிக்கிற கிட்டார். ஊரில், பாசையூர்க் கோயில் பாடகர் குழுவில், அதை ஹவாயன் கிட்டார் என்றார்கள். எண்பத்தெட்டில் நோர்வேயின் வடக்குக்கு, மீன் வெட்டுகிற தொழிற்சாலைக்கு வந்தபோது, பக்கத்து மேசையில் மீன் வெட்டிய ஹெல்கே அதை ஸ்டீல் கிட்டார் என்றான். இது அழத்தொடங்கினால்தான் ஒரு பாட்டு கண்ட்ரி பாட்டாகும் என்றும் சொன்னான். லொறிக்காரர், பிரிந்துபோன மனைவி, குடி, மழை, திரும்பிப் போகமுடியாத வீடு. மரியநேசனுக்கு அந்தப் பாட்டுகளில் புதிதாக விளங்கிக்கொள்ள எதுவும் இருக்கவில்லை. வடக்கில் சேர்ந்து வாசித்த இருவரும் பிறகு வேறுவேறு நேரத்தில் ஒஸ்லோவுக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டாயிரத்து ஆறில் ஹெல்கேயின் குழுவில் ஐந்து பேர். நாலு நோர்வேஜியர், ஒரு பாசையூரான். எல்லோருக்கும் கவ்பாய் தொப்பி உண்டு. மரியநேசனுக்கு மட்டும் அது காதுவரை இறங்கும்.

ஹெல்கேக்கு ஒரு சட்டம் இருந்தது. மேடையில் இயேசுவின் பேர் வரக்கூடாது. மற்றக் கண்ட்ரி குழுக்கள் எல்லாம் கடைசிப் பாட்டாக ஒரு தேவ கீதம் பாடும், பியர் கிளாஸை வைத்துவிட்டு ஆண்கள் தொப்பியைக் கழற்றுவார்கள், அதுதான் வழக்கம். ஹெல்கே மாட்டான். அவனுடைய தகப்பன் ஜெபவீட்டுக்காரர். அந்த வீட்டில் ஜன்னலுக்குத் திரைச்சீலை போடுவதே பாவம். பதினைந்து வயதில் ஹெல்கே வாங்கிய கிட்டாரைத் தகப்பன் அடுப்புக்குள் வைத்தார். "அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லித்தான் எனக்கு அடித்தார். என்னால் அதைப் பாட முடியாது. நீ நம்பு, எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் பாட்டில் வேண்டாம்." மரியநேசன் சரி என்றான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், பெரிய வெள்ளிக்கு அடுத்த நாள் சனிக்கிழமை, சுதி சேர்க்கும்போது அவன் கை தன்பாட்டில் ஒப்பாரியின் கடைசி இரண்டு வரியை வாசித்துவிட்டது. முதல் நாள் பாடிய தொண்டை. கை அதன்பின்னால் போயிற்று. ஹெல்கே நிமிர்ந்தான்.

"இது என்ன?"

"ஒரு அம்மா. மகன் செத்துப்போனான். அவன் காலைப் பார்த்து அழுகிறாள்."

எந்த அம்மா என்று ஹெல்கே கேட்கவில்லை. ஜெபவீட்டில் வளர்ந்தவனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு நாளில் அந்த மெட்டுக்கு நோர்வே மொழியில் சொல் எழுதிக்கொண்டு வந்தான். மலைப்பாதையில் பனியில் லொறி கவிழ்ந்து செத்த ஒருவனின் சப்பாத்துகளை ஆஸ்பத்திரிக்காரர் பையில் போட்டுத் தாயிடம் கொடுக்கிறார்கள். அவள் அவற்றைத் துடைத்து, வழமைபோல வாசலில் வைக்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. கடவுள் இல்லை, பரலோகம் இல்லை. ஆனால் அதைக் கடைசியாக வாசித்தபோது, யாரும் சொல்லாமலே, ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். மேடையிலிருந்து பார்த்தால் வரிசையாக வழுக்கைத் தலைகளும் நெற்றியில் தொப்பி பதிந்த சிவப்புத் தழும்புகளும். மரியநேசனுக்குத் தெரிந்த பூசைகளில் அரைவாசி இதைவிடப் பக்தி குறைந்தவை. அதை அவன் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அந்தப் பாட்டை ஒரு இசைத்தட்டுக் கொம்பனி கேட்டது. ஒலிப்பதிவு செய்தவன் முப்பது வயதுப் பொடியன். மூல மெட்டு எப்படி இருக்கும், ஒருதரம் பாடிக் காட்டுங்கள் என்றான். மரியநேசன் கடைசி இரண்டு வரியைத் தமிழில் பாடினான்.

ஆர் கழுவ விட்டேன் நான் உன் பாதம், மகனே,
ஆணி போய் நின்ற இடம் பார்த்தேனே.

பொடியன் கண்ணாடிக்கு அப்பால் கையை உயர்த்தினான். அதை அப்படியே பாட்டின் தொடக்கத்தில் வைக்கலாமா என்று கேட்டான். முதல் வரி, பிறகு நாலு தாளத்தட்டுக்கு ஸ்டீல் கிட்டார் மட்டும், பிறகு இரண்டாவது வரி. மரியநேசன் யோசித்தான். சாவில்லாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது. பெரிய வெள்ளி தவிர்ந்த நாளில் இதைப் பாடக்கூடாது. வாத்தியம் அறவே கூடாது. மூன்றும் அவனுக்குத் தெரியும். தமிழ்ச் சனம் தொப்பிக்காரரின் பாட்டைக் கேட்கப் போவதில்லை என்பதும் தெரியும் என்று நினைத்தான். வைக்கலாம் என்றான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வருடத்தில் ஒரு பெரிய வெள்ளி. கோயிலில் சிலுவையிலிருந்து மரச்சுரூபத்தை இறக்கி வைத்தபின், ஒருவன் தனியாக நின்று, மாதாவின் குரலில் ஒரு மணித்தியாலமும் சொச்சமும் அழ வேண்டும். ஒஸ்லோத் தமிழருக்குப் பதினாறு வருடமாக அழுதவன் மரியநேசன். வேறு நாட்களில் அவன் செபம் சொல்லுவான், ஆனால் பாதியில் நித்திரை வந்துவிடும். அந்த ஒரு மணித்தியாலத்தில் மட்டும், தான் சொல்வது மேலே போய்ச் சேருகிறது என்று அவனுக்கு ஐயம் இருந்ததில்லை. அவனிடம் இருந்தது அது ஒன்றுதான்.

இசைத்தட்டு பெப்ரவரியில் வந்தது. வானொலியில் போட்டார்கள். ரக்சி ஓடுகிற பிரசாந்தன் அதைக் கேட்டு, வண்டியை ஓரங்கட்டி, அடுத்த நாளே கடையில் போய் வாங்கினான். விபூதிப் புதன் அன்று பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு மேரியம்மாவைப் புருசெத்தில் இறக்கிவிடப் போகும்போது, "அக்கா, ஒரு சாமான் போட்டுக் காட்டுறன், எங்கட ஆள்" என்று பெருமையாகப் போட்டுக் காட்டினான். மேரியம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. வழிபாட்டுக் குழுவின் தலைவி. முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. கிட்டார் வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னா.

அன்று பின்னேரம் தொலைபேசி எடுத்தா.

"தம்பி நேசன், நீர் மாதாவின்ர ஒப்பாரியை எங்கை கொண்டுபோய் வைச்சிருக்கிறீர் எண்டு உமக்குத் தெரியுமோ?"

"ஓம் அக்கா."

"தெரிஞ்சோ செய்தனீர்?"

"ஓம்."

தெரியாமல் செய்தேன் என்று சொல்லியிருந்தால் அவவுக்கும் இலகுவாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கோயில் நிலவறையில் கூட்டம். கோப்பிப் போத்தல், காகிதக் கோப்பைகள், மடக்குக் கதிரைகள். செயலாளர் சிறீஸ்கந்தராசா, கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தவர், ஆனால் பிறவிக் கத்தோலிக்கரைவிடச் சட்டம் தெரிந்தவர்.

"மிஸ்டர் நேசன், பியர் குடிக்கிற இடத்தில வாசிக்கிறது உங்கட சொந்த விசயம். அதில நாங்கள் தலையிடேல்லை. ஆனா இது பொதுச்சொத்து."

"நான் எடுத்துக்கொண்டு போகேல்லையே. இஞ்சையும் இருக்குதுதானே."

"தம்பி, பகிடி விடாதையும்" என்றா மேரியம்மா. "அங்கை ஆர் செத்தது? சொல்லும். அந்த இடத்தில ஆர் செத்தது, நீர் போய் அழுறதுக்கு?"

ஒரு லொறிக்காரன் என்று வாயில் வந்தது. அடக்கினான்.

"ஒரு சொல்லில யேசு எண்டு வருதோ எண்டு பிரசாந்தனைக் கேட்டனான். வரேல்லையாம். கர்த்தரை வெளியில விட்டிட்டுத் தாயின்ர கண்ணீரை மட்டும் வித்திருக்கிறீர்."

அது தைத்தது. பதில் அவனிடம் இருந்தது. வழுக்கைத் தலைகள், வைத்த கிளாஸ்கள். ஆனால் ஒரு நிலவறையில், மடக்குக் கதிரையில் இருந்துகொண்டு சொல்லக்கூடிய பதிலாக அது இருக்கவில்லை. காலை நாலரைக்கு எழும்பியவன். ஞாயிற்றுக்கிழமையும் உடம்பு நாலரைக்குத்தான் எழும்புகிறது.

முடிவு இதுதான்: குருத்தோலை ஞாயிறு அன்று பீடத்துக்கு முன்னால் வந்து, பிழை என்று சொல்ல வேண்டும். அந்தக் கூட்டத்தோடு இனி வாசிக்கமாட்டேன் என்றும் சொல்ல வேண்டும். சொன்னால் பெரிய வெள்ளி அவனுடையது. இல்லாவிட்டால் வேறு ஆள்.

வீட்டில் யோசெப்பின் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவனுடைய மனைவி, சிறுவர் பள்ளிக்கூடமொன்றின் குசினியில் நாள்முழுக்க உரித்துவிட்டு வந்து வீட்டிலும் உரிக்கிறவள்.

"மன்னிப்புக் கேட்டா என்னப்பா குறைஞ்சு போகும்?"

"பிழை எண்டு சொல்லலாம். நவம்பரில பாடினது பிழைதான்."

"பிறகென்ன?"

"இனி வாசிக்கமாட்டன் எண்டு சொல்ல ஏலாது."

"ஏன்?"

"பொய். பீடத்துக்கு முன்னால நிண்டு பொய் சொல்லச் சொல்லுறியோ?"

அவள் கத்தியை வைத்தாள். "அப்ப அந்தத் தொப்பியை விட ஏலாது. மாதாவை விட ஏலும்."

"ரெண்டும் ஒண்டுதான், யோசெப்பின்."

"அதைப் போய் மேரியம்மாக்காவுக்குச் சொல்லுங்கோ, விழுந்து சாகட்டும் மனுசி."

ஹெல்கேயிடம் அடுத்த சனிக்கிழமை சொன்னான். ஹெல்கே வண்டியிலிருந்து ஒலிபெருக்கியை இறக்கிக்கொண்டே கேட்டான். "உங்கள் ஆட்களும் என் அப்பாவைப் போலத்தானா?"

"இல்லை" என்றான் மரியநேசன். "எங்கள் வீடுகளில் திரைச்சீலை இருக்கிறது."

ஹெல்கே சிரிக்கவில்லை. "அந்தத் தமிழ் வரிகளை எடுத்துவிடச் சொல்லட்டுமா? இனி அடிக்கிற இசைத்தட்டுகளில்?"

மரியநேசன் ஒலிபெருக்கியின் மறு நுனியைப் பிடித்துத் தூக்கினான். கனமாக இருந்தது. படி ஏறி மேலே வைத்தார்கள். பிறகு, வேண்டாம், இருக்கட்டும் என்றான்.

பிரசாந்தன் ஒருநாள் சலவைக்கூட வாசலில் ரக்சியோடு நின்றான். முப்பத்தைந்து வயது ஆள், தொப்பையும் இருந்தது. ஆனால் களவெடுத்துப் பிடிபட்டவன் போல நின்றான்.

"நேசண்ணை, சத்தியமா நான் கோள் சொல்லேல்லை. நல்லாயிருக்கு எண்டுதான் போட்டுக் காட்டினனான்."

"தெரியும்."

"நான் ஒவ்வொரு நாளும் போடுறனான். ஏறுற ஆக்கள் கேக்கினம், இது என்ன மொழி எண்டு."

"என்ன சொல்லுவாய்?"

"அம்மான்ர மொழி எண்டுவன்." வெட்கப்பட்டான். "வாங்கோ, வீட்டை விடுறன். மீற்றர் போடமாட்டன்."

மரியநேசன் ஏறிக்கொண்டான். ஸ்டோவ்னர் வரும்வரை அந்தப் பாட்டுத்தான் ஓடியது. பிரசாந்தன் முதல் வரியை முணுமுணுத்தான். கிட்டார் வரும்போது விரலால் ஸ்டியரிங்கில் நாலு தட்டினான். பிறகு இரண்டாவது வரி. மரியநேசன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மருட்டின் அடுக்குமாடிகளுக்குக் கீழே பழுப்புப் பனி குவிந்து கிடந்தது.

ஒப்பாரியின் சொற்களை அவன் கையால் எழுதிவைத்த கொப்பி ஒன்று இருந்தது. அதைக் குழுவுக்குக் கொடுத்தான். கேட்காமலே கொடுத்தான். மாதாவுக்கு யாராவது அழத்தானே வேண்டும். பாடகர் குழுப் பிள்ளைகள் இரண்டு கிழமை முயன்று பார்த்தார்கள். கொப்பியில் சொல் இருந்தது; மெட்டு இல்லை. எந்த இடத்தில் மூச்சு வாங்குவது, எந்த இடத்தில் குரல் உடைவது, ஒன்றும் இல்லை. மூன்றாம் கிழமை விட்டுவிட்டார்கள்.

குருத்தோலை ஞாயிறு அன்று மரியநேசன் தன் ஓலையைப் பெற்றுக்கொண்டு வாங்குப் பலகையில் போய் இருந்தான். பூசை முடியும்வரை மேரியம்மா இரண்டுதரம் திரும்பிப் பார்த்தா. அவன் எழும்பவில்லை.

பெரிய வெள்ளி. ஒஸ்லோ செத்த நகரம் போலக் கிடந்தது. கடை இல்லை, குடி இல்லை, பஸ்ஸும் பேருக்குத்தான். நோர்வேஜியருக்கும் அன்று பாட்டுக் கூத்து இல்லை. மூன்று மணிக்குக் கோயில் நிறைந்துவிட்டது. சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கித் தாங்க நாலு பேர். அதில் ஒருவன் பிரசாந்தன். கறுப்புக் கோட்டு, பொத்தான் பூட்டமுடியாமல். மரியநேசனும் யோசெப்பினும் பின்னாலிருந்து மூன்றாவது வாங்கில்.

சுரூபம் இறங்கியது. வெள்ளைத் துணியில் கிடத்தினார்கள். ஒருவரும் பாட எழும்பவில்லை. சிறீஸ்கந்தராசா ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் ஒரு கசெற் பெட்டியை வைத்து, பொத்தானை அமத்தினார்.

கொஞ்சநேரம் இரைச்சல். பிறகு மரியநேசனின் குரல்.

தொண்ணூற்றைந்தில் மேரியம்மா தானே பதிந்து வைத்த கசெற். அவனை விலக்கிவிட்டு அவனையே போட்டுவிட்டார்கள். வேறு வழி அவர்களுக்கு இருக்கவில்லை. யோசெப்பின் அவன் முழங்கையைப் பிடித்தாள். சிரிக்கிறாளோ அழுகிறாளோ தெரியவில்லை. பிறகு பார்த்தான், இரண்டும்தான்.

இளமைக் குரல். அதற்குப் பிந்திய பதினொரு வருடத்து உருளைச் சூடு இன்னும் தொண்டைக்குள் போகாத குரல். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். மற்றவர்களைப்போல அழுவதற்குப் பதில், தொழில்காரன் கேட்பதுபோலக் கேட்டான். அப்போதுதான் தெரிந்தது: ஒவ்வொரு வரியின் முடிவிலும் குரல் கீழே வழுக்கி இறங்குகிறது. பாசையூரில் யாரும் அப்படி இறக்குவதில்லை. அது இரும்புக் கட்டை கம்பியில் இறங்குகிற இறக்கம். வடக்கில், மீன் நாற்றத்துக்கு நடுவில், ஹெல்கேயோடு வாசித்துப் பழகியது. அந்த இறக்கம் வருகிற இடமெல்லாம் சனம் விம்மியது. மேரியம்மா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டா. பதினாறு வருடமாக அவர்கள் அழுதது அதற்கும் சேர்த்துத்தான்.

அரை மணித்தியாலத்தில் சிறீஸ்கந்தராசா கசெற்றை மறுபக்கம் திருப்பிப் போட்டார். நேர்த்தியாகத்தான் போட்டார். ஆனால் அது அறுபது நிமிடக் கசெற். ஒப்பாரி அதைவிடச் சொச்சம். கடைசிவரை யாரும் போட்டுக் கேட்டிருக்கவில்லை.

கடைசி இரண்டு வரிக்கு முன்னால் பெட்டி 'டக்' என்றது.

கோயில் காத்திருந்தது. சிறீஸ்கந்தராசா பெட்டியைத் தட்டினார், திறந்தார், மூடினார். சுவாமியார் பீடத்திலிருந்து பார்த்தார். வெள்ளைத் துணியில் சுரூபம், கால் இரண்டும் சனத்தின் பக்கம் பார்த்தபடி. ஒப்பாரியை இந்த இடத்தில் விடமுடியாது. தாய் இன்னும் காலைப் பார்க்கவில்லை.

"எழும்புங்கோ" என்றாள் யோசெப்பின், உதடு அசையாமல்.

மரியநேசன் முன்வாங்கைப் பிடித்தான். எழும்பினால் பாடலாம்; ஒருவரும் தடுக்கமாட்டார்கள்; மன்னிப்பும் வேண்டாம், பொய்யும் வேண்டாம். கால் எழும்ப ஆயத்தமாகவும் இருந்தது.

ஆனால் குரல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. சுரூபத்தின் தலைமாட்டில் நின்ற பிரசாந்தன், கையைக் கட்டிக்கொண்டு, யாரையும் பாராமல், ஆர் கழுவ விட்டேன் நான் உன் பாதம், மகனே என்று பாடினான். நல்ல குரல் இல்லை. ரக்சிக்குள் பாடிப் பழகிய குரல். ஆனால் மெட்டு அச்சொட்டு.

பாடிவிட்டு நின்றான்.

சனம் திரும்பிப் பார்த்தது. மேரியம்மா முக்காட்டை விலக்கி, அடுத்த வரியை எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தா. பிரசாந்தன் அசையவில்லை. கோட்டுக் கையின் மேல் அவனுடைய விரல் மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. ஒன்று. இரண்டு. பின்னாலிருந்து மூன்றாவது வாங்கில் மரியநேசனின் இடது கை முன்வாங்கின் பலகையில் வழுக்கி இறங்கியது. மூன்று. நாலு.

ஆணி போய் நின்ற இடம் பார்த்தேனே.

பிரசாந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கினான். சனம் வரிசையாக வந்து சுரூபத்தின் பாதத்தை முத்தமிட்டது. மரியநேசனும் தன் முறை வந்தபோது குனிந்தான். மரம் குளிர்ந்திருந்தது. எழும்பும்போது இடுப்புப் பிடித்துக்கொண்டது.

வாசலில் கோட்டு மாட்டுகிற இடத்தில் மேரியம்மா அவனுக்காக நின்றா. கையில் கசெற்.

"தம்பி, அண்டைக்கு உம்மட குரல் எவ்வளவு சுத்தமா இருந்தது. இந்தப் பாட்டுக்காரரோட சேரமுந்தி."

"அப்பவும் அவையோடதான் அக்கா வாசிச்சனான். ஆறு வருசமா."

அவ அதைக் கேட்டாவோ இல்லையோ, கோட்டின் கையை இழுத்துவிட்டுக்கொண்டா. பிறகு குரலைத் தணித்தா.

"இவன் பிரசாந்தன் ஏன் இடையில நிண்டவன்? மறந்து போனவனோ?"

"மறக்கேல்லை. அந்த இடத்தில கிட்டார் வரும்."

மேரியம்மா கசெற்றைப் பார்த்தா. அவனைப் பார்க்கவில்லை. வெளியே சனம் மௌனமாகக் கலைந்துகொண்டிருந்தது; அன்று ஒருவரோடொருவர் கதைக்கிற வழக்கம் இல்லை.

"அடுத்த வருசம் நீர் வந்து..." என்று தொடங்கினா.

"அதைப் பிரதி எடுத்து வையுங்கோ அக்கா" என்றான் மரியநேசன். "நாடா பழசு, அறுந்துபோகும். தொண்ணூறு நிமிசக் கசெற்றில எடுங்கோ. கடைசி ரெண்டு வரியைப் பிரசாந்தனைக்கொண்டு பாடுவியுங்கோ."

யோசெப்பின் ஏற்கெனவே படியிறங்கிவிட்டாள். அவன் தொப்பியைத் தேடினான். குளிருக்குப் போடுகிற கம்பளித் தொப்பி. போட்டுக்கொண்டு அவள் பின்னால் நடந்தான். அடுத்த நாள் சனிக்கிழமை. ஐந்து மணிக்கு ஹெல்கே வண்டியோடு வருவான். கிட்டாரின் மூன்றாவது கம்பியை மாற்ற வேண்டும்.